சுவரில் மடங்கும் கட்டிலும் விருந்தாளிக் கணக்கும்



1977-ல் பள்ளிப்படிப்பு முடிந்த கையோடு தெற்கேயிருந்து ரயிலேறி, மயிலாப்பூரில் ஒரு மளிகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தோம். அந்தக் கடைக்கு ஷட்டர் கிடையாது. எண் போட்ட பலகைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செருகிக் கடையை மூடுவோம். மூடியதும் பருப்பு மூட்டைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, பகலெல்லாம் தராசு தொங்கிய இடத்தில் பாயை விரிப்போம். விடியற்காலை ஐந்து மணிக்கு முதல் பலகையைக் கழற்றும்போது பாய் சுருண்டு பரண்மேல் போயிருக்கும். பகலில் கடை, இரவில் படுக்கையறை, மதியம் சாப்பாட்டுக் கூடம். ஒரே இடம் மூன்று வேலை பார்த்தது.

நம்மில் பலர் அப்படிப் படுத்து எழுந்து வந்தவர்கள்தாம். ஆகவே இடத்தின் அருமையை மளிகை வியாபாரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்தச் சரக்கு முன்வரிசை, எது பின்வரிசை, எது பரண் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வோம். ஆனால் கடையில் இருக்கும் இந்தக் கணக்கு வீட்டுக்குள் நுழைந்ததும் ஏனோ மறந்துவிடுகிறது. நம் வீட்டில் அப்படி மறந்ததால் நேர்ந்த ஒரு தலைகுனிவையும், அதற்குத் தேடிய பரிகாரத்தையும் இங்கே எழுதுகிறோம்.

அக்கா மூன்றாம் நாளே கிளம்பிவிட்டார்

மயிலாப்பூரில் நமது குடியிருப்பு மாடி வீடு. இரண்டு படுக்கையறை போக, பத்தடிக்குப் பதினோரு அடியில் மூன்றாவதாக ஓர் அறை உண்டு. வீடு வாங்கும்போது அதற்கு 'விருந்தினர் அறை' என்று பெயர். நான்கடி அகலத்தில் ஒரு கட்டிலும் வாங்கிப் போட்டோம். ஆறு மாதத்தில் அதன்மேல் முதல் அட்டைப்பெட்டி ஏறியது. பிறகு பழைய பில் புத்தகங்கள், வரி ரிட்டர்ன் கோப்புகள், மாதிரிச் சரக்குப் பொட்டலங்கள், பேரனின் கிரிக்கெட் மட்டை, தீபாவளிக்கு மட்டும் இறங்கும் பெரிய பாத்திரங்கள். கட்டில் மறைந்தே போயிற்று. அறைக்குக் 'குடோன்' என்ற பெயர் வீட்டிலும் நிலைத்துவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் ஊரிலிருந்து நம் அக்கா கண்புரை அறுவைக்காக வந்தார். வயது எழுபதைத் தாண்டியவர். செந்தூர் எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் பயணம் செய்து வந்தவரை உட்காரவைத்துக்கொண்டே, நாமும் மகனும் கட்டிலைத் தோண்டி எடுத்தோம். எடுத்ததை வைக்க வேறிடம் இல்லை. கடைசியில் அக்காவுக்குப் படுக்கை ஹாலில் என்று ஆயிற்று. கண்ணில் கட்டோடு படுத்திருப்பவர் பக்கத்தில் தொலைக்காட்சி. பத்து மணிக்குக் கடையிலிருந்து நாம் வருகிறோம், பதினொரு மணிக்கு மகன் வருகிறான். காலை நான்கரைக்குப் பால் வருகிறது. மறுநாள் டாக்டர் பார்த்தார். அதற்கு அடுத்த நாள் அக்கா பையைக் கட்டிவிட்டார்.

"மாட்டை யாரு பாப்பா தம்பி? நான் போயிட்டு வாரேன். சொட்டு மருந்த ஊர்ல போட்டுக்கிடுதேன்" என்றார்.

மாட்டைத்தான் நினைக்கிறார் என்று நாமும் டிக்கெட் போட்டுக் கொடுத்துவிட்டோம். ஒரு வாரம் கழித்து வீட்டில் மெதுவாகச் சொன்னார்கள்: "மதினி என்கிட்ட என்ன சொன்னாங்க தெரியுமா? 'நான் நடுவீட்ல படுத்துக்கிட்டு எல்லாருக்கும் எடஞ்சலா இருக்கேன்'னாங்க." நம்மைத் தூக்கி வளர்த்தவர் அவர். கடை வைக்க முதல் போதாமல் தவித்தபோது கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தவர். அவருக்குப் படுக்க ஓர் அறை நம் வீட்டில் இல்லை. முந்நூறு பழைய பில் புத்தகத்துக்கு இருந்தது.

41 இரவு

கோபத்தில் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, கட்டிலைச் சுத்தமாக விரித்து வைத்தோம். ஒரு மாதம் அழகாக இருந்தது. அப்புறம் மீண்டும் அட்டைப்பெட்டி. காரணம் எளிது. அந்த அறையில் கணக்கு எழுத வேண்டும், பேரன் படிக்க வேண்டும், மாதக் கடைசியில் ஆடிட்டர் ஆபீஸ் பையன் வந்து உட்கார வேண்டும். இத்தனைக்கும் நடுவில் யாரும் படுக்காத கட்டில் ஒன்று அறையின் நடுவே கிடந்தால் அதன்மேல் சாமான் ஏறத்தான் செய்யும். ஏறாமல் தடுக்க எந்த வீட்டாலும் முடியாது.

பிறகுதான் வியாபாரிப் புத்தி வேலை செய்தது. ஒரு வருடம் நாட்காட்டியில், வெளியூர்க்காரர் யாராவது தங்கிய இரவுக்கெல்லாம் ஒரு புள்ளி வைத்தோம். பங்குனியில் அறுபத்துமூவர் திருவிழாவுக்கு வந்தவர்கள், மே மாத விடுமுறைக்கு வந்த பிள்ளைகள், ஆடித் தள்ளுபடிக்குத் தி.நகரில் துணி எடுக்க வந்தவர்கள், கல்யாணப் பத்திரிகையோடு வந்தவர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள். வருடக் கடைசியில் எண்ணினால் 41 புள்ளி. 365-ல் 41.

வருடத்தில் 41 நாள் மட்டும் விற்கும் சரக்கை முன்வரிசையில் நிரந்தரமாக அடுக்கி வைப்போமா? மாட்டோம். அதற்காக அந்தச் சரக்கே வேண்டாம் என்றும் சொல்லமாட்டோம். கேட்டு வரும் வாடிக்கையாளருக்கு 'இல்லை' என்று சொல்லக்கூடாத சரக்கு அது. அப்படிப்பட்டதைக் கைக்கெட்டும் இடத்தில் மடித்து வைப்போம். கட்டிலையும் அப்படி வைக்க முடியுமா என்று தேடியபோதுதான் சுவர்க்கட்டில் கண்ணில் பட்டது. இரவில் கீழே இறங்கும், பகலில் மேலே மடங்கி அலமாரிபோல் சுவரோடு நிற்கும் கட்டில்.

கட்டில் சுவரேறிய வரலாறு

இது புதிய சங்கதி என்று நினைத்தோம். விசாரித்தால் நூறு வருடத்துக்கு மேற்பட்ட பழைய சரக்கு. அதிலும் நமக்குப் பெருமை தரும் செய்தி, இதன் தொடக்கத்தில் ஒரு கடைக்காரர் இருக்கிறார். அமெரிக்காவில் சிகாகோ நகரில் மரச்சாமான் கடை வைத்திருந்த சாரா குட் என்ற கறுப்பினப் பெண்மணி, மடித்தால் எழுதும் மேசையாக மாறும் கட்டில் ஒன்றைச் செய்து 1885-ல் காப்புரிமை பெற்றார். அந்நாட்டில் காப்புரிமை பெற்ற முதல் கறுப்பினப் பெண்களில் அவர் ஒருவர். சின்னஞ்சிறு வீடுகளில் குடியிருப்போர் அந்த நகரில் பெருகிக்கொண்டிருந்த காலம் அது.

அதன்பின் சான்பிரான்சிஸ்கோவில் வில்லியம் மர்ஃபி என்பவர், கட்டில் முழுவதும் எழும்பிச் சுவருக்குள் மறையும் அமைப்பை 1900-களில் கொண்டுவந்தார். அவர் குடியிருந்தது ஒற்றை அறை. அக்கால வழக்கப்படி, மணமாகாதவர் படுக்கையறைக்குள் ஒரு பெண்ணை அழைப்பது முறையல்ல. கட்டிலை மறைத்துவிட்டால் அதே அறை வரவேற்பறை ஆகிவிடும் என்பதற்காகவே அவர் இதைச் செய்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். 1916-ல் சார்லி சாப்ளின் எடுத்த 'ஒன் ஏ.எம்.' என்ற ஊமைப்படத்தில், இந்தக் கட்டிலோடு அவர் மல்லுக்கட்டுவது பெரிய வேடிக்கை. கடைசியில் இந்தப் பெயர் எவ்வளவு பரவிற்று என்றால், 'மர்ஃபி பெட்' என்பது அந்த வகைக் கட்டிலுக்கே பொதுப்பெயர் ஆகிவிட்டது, இனி ஒரு கம்பெனி மட்டும் உரிமை கொண்டாட முடியாது என்று 1989-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. வனஸ்பதி எதுவானாலும் 'டால்டா' என்று கேட்கும் வாடிக்கையாளரைப் பார்த்த நமக்கு இது புரியாததல்ல.

நம் நாட்டிலும் இதை அறியாதவர் இல்லை. ரயிலில் நடுப் பெர்த் எதுவாம்? பகலில் முதுகு சாயும் பலகை, இரவு பத்து மணிக்குச் சங்கிலியில் மாட்டினால் கட்டில், காலை ஆறு மணிக்கு மறுபடி பலகை. அதில் படுத்துத்தான் நாமெல்லாம் சென்னைக்கு வந்தோம்.

ஆசாரி தட்டிப் பார்த்த சுவர்

மூன்று இடத்தில் விலை கேட்டோம். குறைந்த விலைக்கும் கூடிய விலைக்கும் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். எதனால் என்று கேட்டு அறிந்ததைச் சுருக்கமாகத் தருகிறோம்.

முதலாவது, சுவர். நமக்குப் பழக்கமான ஆசாரி வந்ததும் கட்டிலைப் பற்றி எதுவும் பேசவில்லை. விரலை மடக்கி நான்கு சுவரையும் தட்டினார். "இது உள்ளே பொந்துக் கல் அண்ணாச்சி, போல்ட்டு பிடிக்காது. அது மேற்குச் சுவர், மழைக்கு ஓதம் ஏறும். இந்த ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்தான் தாங்கும்" என்றார். கட்டிலின் பாரம் முழுவதும் மடித்த நிலையில் முன்பக்கம் சாயப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துவது சுவரில் இறங்கிய போல்ட்டுகள்தாம். பூச்சு மட்டும் பிடித்தால் போதாது. செங்கல்லோ கான்கிரீட்டோ பிடிக்க வேண்டும். 2022-ல் அமெரிக்காவில் ஒரு கம்பெனி விற்ற ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட சுவர்க்கட்டில்கள் திரும்ப அழைக்கப்பட்டன. சுவரைவிட்டுப் பிரிந்து விழுந்து பலருக்குக் காயம், வயதான பெண்மணி ஒருவர் உயிரே போயிற்று. எனவே சுவர் சரியில்லை என்று ஆசாரி சொன்னால் அதற்குமேல் வாதாட வேண்டாம்.

இரண்டாவது, நெடுக்கா குறுக்கா என்பது. தலைப்பக்கம் கீல் வைத்து நெட்டுக்குத்தாக எழும் கட்டில் சுவரில் குறைந்த அகலம் பிடிக்கும், ஆனால் ஏழடி உயரம் எழ வேண்டும். நீளப் பக்கத்தில் கீல் வைத்து ரயில் பெர்த்போல் எழும் கட்டில் சுவரில் ஆறரை அடி நீளம் பிடிக்கும், ஆனால் இடுப்புக்குச் சற்று மேலேயே முடிந்துவிடும். வயதானவர் கையாள இதுவே எளிது. மேற்பகுதியில் சாமி படமோ புத்தகமோ வைக்கலாம். நாம் இதையே தேர்ந்தெடுத்தோம்.

மூன்றாவது, தூக்கும் விசை. சுருள்வில் (ஸ்பிரிங்) அல்லது காரின் பின்கதவில் இருப்பதுபோன்ற காற்றுத்தண்டு கட்டிலின் பாரத்தில் பெரும்பகுதியைச் சுமக்கிறது. மெத்தையின் எடைக்கு ஏற்பத்தான் அந்த விசையைப் பொருத்துவார்கள். பிறகு நம் இஷ்டத்துக்குக் கனமான மெத்தை மாற்றினால் கட்டில் மடங்காது. ரொம்ப லேசானதைப் போட்டால் கட்டில் கீழே நிற்காது. தராசில் எடைக்கல்லை மாற்றிவிட்டு முள் நிற்கவில்லை என்று குறை சொல்வதுபோல் ஆகும். இலவம்பஞ்சு மெத்தையை நிற்கவைத்தால் பஞ்சு ஒரு பக்கமாக இறங்கிவிடும். ஐந்து, ஆறு அங்குல ஃபோம் மெத்தையை வாரினால் கட்டி வைப்பதே பொருத்தம்.

நான்காவது, நம் ஊர்க் காற்றும் தண்ணீரும். மயிலாப்பூர், சாந்தோம், அடையாறு, பெசன்ட் நகர்ப் பக்கம் கடற்காற்றில் சாதாரண இரும்புக் கீல் துருவேறிக் கிறீச்சிடும். துருப்பிடிக்காத கீலும் ஆணியும் கேட்டு வாங்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரையில் தரைத்தளத்தில் இருந்த நண்பர்களின் வீட்டைப் போய்ப் பார்த்தோம். மரத்தூள் அழுத்திய பலகையில் செய்த அலமாரிகள் ஊறிய ரொட்டிபோல் உப்பிக் கிடந்தன. தண்ணீர் தாங்கும் ஒட்டுப்பலகைக்கு விலை கூடுதல்தான், கொடுக்கலாம். பலகைக்கும் சுவருக்கும் நடுவே காற்றோட இடைவெளி விட்டு, கரையான் மருந்தும் அடித்துவிட வேண்டும்.

ஐந்தாவது, சிறு விஷயம்போல் தோன்றுவது. மடித்த கட்டில் சுவிட்ச் பெட்டியை மூடிவிடக்கூடாது. படுத்தவர் கைக்கெட்டும்படி ஒரு விளக்குச் சுவிட்ச் வேண்டும். மின்விசிறி தலைக்குமேல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். சிறுவர்கள் இழுத்துவிடாதபடி மேலே ஒரு பூட்டுக்கொக்கி அவசியம்.

இடம் மிச்சம் எவ்வளவு?

கணக்குக்கு வருவோம். நான்கடிக்கு ஆறரை அடிக் கட்டில் பிடிக்கும் இடம் 26 சதுர அடி. குறுக்காக மடித்து ஒன்றரை அடி கனத்தில் நின்றால் ஏறத்தாழ 10 சதுர அடி. மிச்சம் 16 சதுர அடி. மயிலாப்பூரில் சதுர அடி 15,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும், அந்த மிச்ச இடத்தின் மதிப்பு 2,40,000 ரூபாய். கட்டிலுக்கு நாம் கொடுத்தது அதில் பாதிகூட இல்லை. அந்த 16 சதுர அடியில்தான் இப்போது கணக்கு மேசையும் இரண்டு நாற்காலியும் இருக்கின்றன.

ஆனால் எல்லோருக்கும் இது தேவை என்று சொல்லமாட்டோம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டுக்காரர் சுவரைத் துளைக்க முடியாது. வருடத்துக்குப் பத்து இரவுதான் விருந்தாளி என்றால் சக்கரம் வைத்த மடக்குக் கட்டில் போதும், கதவுக்குப் பின்னால் நின்றுகொள்ளும். முழங்கால் வலி இல்லாத விருந்தாளி என்றால் நம் பத்தமடைப் பாய்க்கு ஈடு உண்டா? சோபாவே கட்டிலாகும் வகையும் இருக்கிறது. நாம் பார்த்தவரை அது உட்காரவும் முழுச் சுகமில்லை, படுக்கவும் முழுச் சுகமில்லை. கடன் வாங்கிச் சுவர்க்கட்டில் போட வேண்டாம். விரலுக்குத் தகுந்த வீக்கம்தான்.

மறுபடி அக்கா

கட்டில் வந்த அடுத்த மாதமே ஊருக்குப் போய் அக்காவை அழைத்தோம். இரண்டாவது கண்ணுக்கும் அறுவை பாக்கி இருந்தது. தயங்கித் தயங்கித்தான் வந்தார். அறையைக் காட்டினோம், கட்டிலை இறக்கிக் காட்டினோம். ரயில்பெட்டியில் படுக்கிற மாதிரி இருக்கு என்று சிரித்தார். நமக்குப் பெருமை பிடிபடவில்லை.

அறுவை முடிந்த மறுநாள் காலை ஐந்து மணிக்கு அந்த அறையில் 'டக்' என்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், ஒரு கண்ணில் பச்சைத் துணி கட்டியிருக்கும் அக்கா கட்டிலை மடித்துக் கொக்கி மாட்டிவிட்டு, சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கனம் தூக்கக்கூடாது, குனியக்கூடாது என்று டாக்டர் சொல்லி ஒருநாள் ஆகவில்லை.

"என்னக்கா இது!"

"நீ கணக்கு எழுத வருவியே தம்பி. எடத்த ஒழிச்சுக் கொடுத்தேன்."

நமக்கு நெஞ்சில் அடித்ததுபோல் ஆயிற்று. ஹாலில் படுத்தபோது 'இடைஞ்சல்' என்று நினைத்தவர், தனியறை கொடுத்தும் அதையேதான் நினைக்கிறார். மடங்குகிற கட்டில் என்றால், எழுந்ததும் மடித்துவிட்டு நகர வேண்டும் என்று அது விருந்தாளியிடம் சொல்லாமல் சொல்கிறது. சுவர்க்கட்டில் விற்கிறவர்கள் காலையில் மேசை, இரவில் கட்டில் என்று படம் காட்டுகிறார்கள். தனியாக வாழ்கிறவருக்கு அது சரி. விருந்தாளி வைத்துக்கொள்ளும் வீட்டுக்குச் சரிப்படாது.

அன்று காலையே கணக்குப் புத்தகங்களையும் கம்ப்யூட்டரையும் கடைக்குக் கொண்டுபோய்விட்டோம். பேரன் ஹாலில் படித்தான். கட்டிலை இறக்கி, கொக்கியைக் கழற்றி நம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டோம். "இனி இது மடங்காதுக்கா. ரிப்பேரு" என்றோம். அக்கா பதினெட்டு நாள் இருந்தார். காலையில் சாவகாசமாக எழுந்து, கபாலீசுவரர் கோயில் மணி கேட்கிறது என்று படுக்கையிலேயே உட்கார்ந்து கைகூப்புவார். மதியம் தூங்கினார். ஒரு நாளும் மாட்டைப் பற்றிப் பேசவில்லை.

இப்போது நம் வீட்டில் எழுதாத சட்டம் இதுதான்: விருந்தாளி இருக்கும்வரை கட்டில் கீழேயே இருக்கும், அறை அவர்களுடையது. அவர்களை எழும்பூர் ரயில் நிலையத்தில் ஏற்றிவிட்டு வந்த பிறகுதான் மடிப்போம். மிச்சமாகும் 16 சதுர அடி நமக்கு ஆண்டில் 324 நாள் சொந்தம். பாக்கி 41 நாள் நமக்குச் சொந்தமில்லை. இந்தக் கணக்கை ஒத்துக்கொள்கிறவர்கள் தாராளமாகச் சுவர்க்கட்டில் போடலாம். ஒத்துக்கொள்ள மனமில்லாதவர்கள் போடாமல் இருப்பதே நல்லது.

சென்ற பங்குனிக்கு அக்கா தானாகவே போன் செய்தார். "தம்பி, அந்தக் கட்டில் ரிப்பேரு பாத்தாச்சா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லக்கா" என்றோம்.

"சரி, அப்ப வாரேன்" என்றார்.